இரும்புப் பயிற்சி - 9: முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே

கலகெதரவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஓவர்ஹெட் பிரெஸ் 30 கிலோவில எட்டு ரெப் நல்லாப் போகுது. 35 போட்டா மூன்றோட கை நிக்குது. ஒன்றரை மாசமா இதே கதை. புரோட்டீன் பவுடர் வாங்கவா?"

வேண்டாம். கோளாறு உடம்பில் இல்லை, பிளேட்டில் இருக்கிறது. அவருடைய ஜிம்மில் ஆகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டாக வேண்டும் என்பதால் ஒரே தாவல் 5 கிலோ. ஸ்குவாட்டில் 80 கிலோ எடுப்பவருக்கு அது பதினாறில் ஒரு பங்குதான். 30 கிலோவைத் தலைக்கு மேலே தள்ளும் தோளுக்கோ ஆறில் ஒரு பங்கு.

சின்னத் தாவலின் அருமையைப் போட்டி மேடையில் பார்க்கலாம். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில், ஆண்கள் பளுதூக்கல் 55 கிலோ பிரிவில், மலேசியாவின் அனிக் கஸ்தான் 249 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இந்தியாவின் சங்கேத் சர்கார் 248, வெள்ளி. நம் இலங்கையின் திலங்க இசுரு குமார 225 கிலோவுடன் வெண்கலம் கொண்டுவந்தார். போட்டி மேடையில் பாரை ஒவ்வொரு கிலோவாக ஏற்ற முடிகிறது. தங்கமே அந்த ஒரு கிலோவில்தான் போனது. ஊர் ஜிம்மில் அந்த வசதி இல்லை. ஆனால் பிளேட் நோட்டு என்றால் ரெப் சில்லறை. நோட்டை மாற்ற முடியாதபோது சில்லறையைச் சேர்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் பாய்ட் எப்லியின் சூத்திரம் எளிது: ரெப் எண்ணிக்கையை எடையால் பெருக்கி, 30ஆல் வகுத்து, எடையோடு கூட்டினால், ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடை ஏறத்தாழ வரும். 30 கிலோ எட்டு ரெப் என்றால் 38. அந்தப் பலத்துக்கு 35 கிலோவில் இரண்டரை ரெப்தான் கிடைக்கும். தம்பி மூன்று தூக்குகிறார். அவர் பின்தங்கவே இல்லை!

ஆகவே 30இலேயே இருந்து ஒன்பது, பத்து என்று பன்னிரண்டு வரை போகட்டும். 30இல் பன்னிரண்டு என்றால் கணக்கு 42. 35இல் ஆறு என்றாலும் அதே 42. அன்றைக்கு 35 போட்டால் ஆறு ரெப் வரும், தாவல் தெரியாது. கடைசி செட்டில் இலக்குக்கு மேல் இரண்டு ரெப், அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளிலும் வந்தால்தான் எடை ஏற்றுவது என்று பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் விதியும் நல்ல விதி.

ரெப்பும் ஏறாமல் மூன்று கிழமை நின்றுவிட்டால்? குறையுங்கள். ஒரு கிழமைக்கு 25 கிலோ, செட்டும் பாதி. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு முகம் சுருங்குகிறது. ஆனால் குறைப்பது தோல்வி அல்ல. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு எடையைப் படிப்படியாக ஏற்றிப் பயிற்சி கொடுத்த மருத்துவர் தாமஸ் டிலோர்ம், தொடக்கத்தில் ஏழு முதல் பத்து செட் வரை செய்ய வைத்தவர். 1948இல் சக மருத்துவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றாக்கினார்: பாதி எடை, முக்கால் எடை, முழு எடை. வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. தொடைக் காயத்துக்குப் பிறகு 2018 கோல்ட் கோஸ்டில் 317தான். இரண்டு முறையும் தங்கம்.

தம்பி, ஒன்பதாவது ரெப் வந்த நாளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். 1.25 கிலோ பிளேட் ஒரு சோடி வாங்கிப் போடச் சொல்லி ஜிம் முதலாளியையும் விடாமல் நச்சரியுங்கள்.