வளைகுடாவின் சோசலிசக் காலக் கட்டடங்களும் தமிழர் கூடுமிடங்களும்

சங்க இலக்கியத்தில் மன்றம், பொதியில் என்னும் சொற்கள் ஊரார் கூடும் பொதுவிடத்தைக் குறிக்கின்றன. பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் வெளியூரிலிருந்து வந்த புதியவரும் தங்குகின்றனர். ஆகவே, ஓரிடத்தைப் பொதுவிடமாக்குவது கட்டியவரின் நோக்கம் மட்டுமன்று. அங்கு வந்து கூடுவோரின் பயன்பாடும் ஆகும். வளைகுடா நகரங்களின் நவீனக் கட்டடங்களை இவ்வளவுகோலால் நோக்குவது தகும்.

நூலகம், நாடக அரங்கு, கூட்ட மண்டபம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் அமைக்கும் பண்பாட்டு மாளிகை, கிழக்கு ஐரோப்பிய சோசலிச நாடுகளில் பெருவழக்காக இருந்தது. பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அலெக்சாந்தர் பாரோவ் வடிவமைத்த தேசியப் பண்பாட்டு மாளிகை 1981இல் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் அபுதாபியிலும் கஸ்ர் அல் ஹோஸ்ன் கோட்டையருகே பண்பாட்டு நிறுவனம் ஒன்று தோன்றியது. நூலகமும் அரங்கும் காட்சிக்கூடமும் கொண்ட அதனை வடிவமைத்தது, வால்டர் குரோப்பியஸ் பங்குகொண்டு நிறுவிய அமெரிக்கக் கட்டடக்கலைக் குழுவாகும்.

சோசலிச நாட்டினரின் பங்களிப்பு அபுதாபியில் வேறிடங்களில் அமைந்தது. 1973க்குப் பின் எண்ணெய் வருவாய் பெருகியபோது, அந்நியச் செலாவணியை நாடிய பல்கேரிய அரசு நிறுவனங்கள் வளைகுடாவில் பணிகளை ஏற்றன. கொள்கை பரப்புவது அவற்றின் நோக்கமன்று. திமிதர் பொக்தானோவ் வடிவமைத்த நகராட்சி, நகரமைப்புத் துறைக் கட்டடம் 1985இல் நிறைவுற்றது. அல் வஹ்தா பகுதியிலுள்ள மையப் பேருந்து நிலையம் கியோர்கி கோலரோவின் வடிவமைப்பில் 1980களின் இறுதியில் எழுந்தது.

பண்பாட்டுக்கெனக் கட்டப்பட்டது ஒன்று. உழைப்பாளர் நாள்தோறும் புழங்கியது மற்றொன்று. தொழிலாளர் முகாம்களிலிருந்து விடுமுறை நாளில் நகருக்கு வருவோர்க்குப் பேருந்து நிலையமே நகரின் வாயில். அழைப்பிதழும் நுழைவுச்சீட்டும் வேண்டாத அவ்விடத்தில் ஊர்க்காரரைக் காணலாம், ஊர்ச்செய்தி கேட்கலாம், வேலை பற்றி உசாவலாம். ரியாத்தில் இப்பணியைப் பத்தா கடைத்தெரு ஆற்றுகிறது. வெள்ளிக்கிழமைகளில் தெற்காசியத் தொழிலாளர் திரளும் அத்தெரு, கூரையில்லா மன்றம் எனலாம்.

அபுதாபிப் பண்பாட்டு நிறுவனம் புதுப்பிக்கப்பெற்று 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2023இல் அபுதாபி அரசு 64 நவீன மரபிடங்களைப் பாதுகாப்புக்குரியனவாக அறிவித்தபோது, பேருந்து நிலையமும் அவற்றுள் இடம்பெற்றது. கட்டடத்தின் வடிவமைப்பாளர் பெயர் இனி நிலைக்கும். அங்குக் கூடியோரின் நினைவுகளோ அவர்களுடனேயே ஊர் திரும்புகின்றன. குடியுரிமை பெறாமல் வாழ்ந்தோர் பணி முடிந்தபின் அங்குத் தங்குவது அரிது. 1980களில் சென்ற தலைமுறை இன்று முதுமையெய்தித் தமிழகத்தின் சிற்றூர்களில் வாழ்கிறது. அவர்தம் வாய்மொழிகளைப் பதிவுசெய்வது புலம்பெயர் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். அப்பதிவின்றேல், காக்கப்படும் கட்டடங்கள் பொதியிலாக விளங்கிய வரலாறு கிட்டாது போகும்.