எண்ணெய் வர்ணத்தில் ஓர் உருவம்

யாழ்ப்பாணத்து ஓவியக்கலையைப் பேசும்போது சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபையை மறக்கவே கூடாது. 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கி, இங்கே பலரைத் தூரிகை பிடிக்கவைத்தவர் அவர்.

நேயர்களே, அப்படித் தூரிகை பிடிப்பவர் எண்ணெய் வர்ணத்தில் தீட்டும் மனித உருவம் பல கட்டங்களாகவே எழுகிறது. வெள்ளைப் பூச்சிட்ட கித்தானில் முதலில் கரிக்கோட்டால் உருவம். அடுத்து, டர்பன்டைனில் கரைத்த மெல்லிய கபில நிறத்தால் ஒளியும் நிழலும். முகச்சாயல் இங்கேயே பிடிபட வேண்டும். பின்னர் எத்தனை அழகான நிறம் பூசினாலும் அது தானாக வந்து சேராது. பிறகு தோல், உடை, பின்னணி. கண்ணின் ஒளிப்புள்ளி கடைசியில்.

இடையிடையே காத்திருக்க வேண்டும். வர்ணத்தில் கலந்த ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால்தான் எண்ணெய் குறைந்த படை அடியிலும், கூடியது மேலேயும் வரவேண்டும். முறை மாறினால், மேற்படை முந்தி இறுகிவிடும். அடியிலுள்ள படை பிறகு அசையும்போது ஓவியம் வெடித்துவிடும். தடிப்பாகப் பூசிய படத்துக்கு வார்னிஷ் இட ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது. நம்மூர் மாரிகால ஈரலிப்பில் கித்தானின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.