ஓரக்கல்லில் மோதிய வண்டியைச் சோதிக்கும் முறை

சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவிலும், சாலையை இரண்டாகப் பிரிக்கும் திட்டின் விளிம்பிலும் வரிசையாகப் பதிக்கப்பெறும் கல்லுக்கு ஓரக்கல் என்று பெயர். வண்டிகள் நடைபாதையில் ஏறாமல் தடுப்பதும், மழைநீரை வடிகாலுக்குச் செலுத்துவதும் இதன் பயன்களாம். இந்தியச் சாலைப் பொறியியலில் மூவகை ஓரக்கற்கள் வழங்குகின்றன. சுமார் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள தாழ்ந்த கல்லின்மேல் தேவை நேர்ந்தால் வண்டி ஏறலாம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஏறுவதைக் கடினமாக்கும். 20 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கல் வண்டியைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே அமைக்கப்படுவது. சிறிய காரின் சக்கர மையம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்திற்குள்ளேயே அமைவதால், இம்மூன்றாம் வகைக் கல் சக்கரத்திற்கு ஒரு சுவரைப் போன்றதேயாகும்.

இரவிலும், கல்லை மறைக்கும் மழைவெள்ளத்திலும், குறுக்கே வரும் சைக்கிளுக்கு ஒதுங்கும்போதும் அனுபவமுள்ள ஓட்டுநரும் இக்கல்லில் மோத நேரிடுகிறது. மோதிய பின்னும் வண்டி பெரும்பாலும் ஓடுகிறது. வெளியே ஒரு கீறலன்றி வேறொன்றும் தெரிவதில்லை. ஆபத்து இதிலேதான் இருக்கிறது. அன்று பழுதுபட்ட டயரோ மூட்டோ சில நாட்களுக்குப் பின்னர், வண்டி வேகமாகச் செல்லும்போது முறியக்கூடும். ஆகையால் வெளியூர்ப் பணிக்கு ஜீப்பிலும் வேனிலும் செல்லும் ஊழியர்கள் மோதலுக்குப் பின் செய்யவேண்டிய சோதனைகளை அறிந்திருத்தல் அவசியம்.

மோதலின் வலிமை

ஓடும் வண்டியிலுள்ள இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயருகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் சக்தி, அவ்வண்டி சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்திக்குச் சமம். வேகம் 30 கிலோமீட்டராக இரட்டித்தால் அவ்வுயரம் நான்கு மடங்காகி மூன்றரை மீட்டராகிறது. இச்சக்தி முழுவதும் கல்லில் செலவாவதில்லை. எனினும், செலவாகும் பகுதி ஒரே சக்கரத்தின் வழியாக, கண் இமைக்கும் நேரத்திற்குள் வண்டியில் பாய்கிறது. சாய்வாக உரசுவதைவிட நேராக மோதுவதும், பிரேக்கை அழுத்தியபடி மோதுவதும் அதிகக் கேடு விளைவிப்பன.

டயரும் ரிம்மும்

முதலில் அடிபடுவது டயர். அதன் பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கும்போது, ரப்பருக்குள் புதைந்துள்ள நூலிழைகள் அறுந்துபோகின்றன. வெளிரப்பர் கிழியாமலே இவ்வாறு நிகழலாம். இழை அறுந்த இடத்தில் உட்காற்று ரப்பரை வெளியே தள்ளுவதால் முட்டை போன்ற புடைப்பு தோன்றும். இது உடனே தோன்றுவதும் உண்டு. சில நாட்கள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. காற்றுக் குறைந்த டயரில் இச்சேதம் எளிதில் விளைகிறது. ரேடியல் டயரின் பக்கச்சுவரில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சிறு பள்ளம் காணப்படுவது இயல்பு; அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. புடைப்போ எனின் அபாயக் குறியாகும். அதனை ஒட்டுப்போட்டுச் சீர்படுத்த இயலாது; டயரை மாற்றுவதே வழி.

எஃகு ரிம் பெரும்பாலும் வளையும். அலுமினியக் கலவையாலான அலாய் ரிம் வளைவதோடு விரிசலும் காணலாம். ரிம்மின் விளிம்பில் சோப்பு நீரைத் தடவினால், காற்றுக் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். உட்புற விளிம்பு வெளியிலிருந்து தெரியாதாகையால், சக்கரத்தைக் கழற்றி இருபுறமும் பார்ப்பது நன்று.

தாங்கமைப்பும் ஸ்டியரிங்கும்

சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைத்து, மேடுபள்ளங்களின் அதிர்ச்சியை ஏற்கும் பகுதியே தாங்கமைப்பு. இதனைச் சஸ்பென்ஷன் என்பர். இது வண்டிக்கு வண்டி வேறுபடும். பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கனத்த அச்சில் பொருந்தி, அவ்வச்சு பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் அமர்ந்திருக்கும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும். முறுக்கப்படும் எஃகுத் தண்டு அங்கு ஸ்பிரிங்காகப் பணிபுரியும். 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரிலும், இன்றுள்ள பெரும்பாலான சிறு கார்களிலும், சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாயிணைந்த ஸ்ட்ரட் என்னும் தூண் முன்புறத்தில் நிற்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்பர்சன் 1940-களில் வகுத்த அமைப்பு இது.

சிறு காரில் மோதலின் வலிமை கீழ்க் கையையும், அதன் நுனியிலுள்ள பந்து மூட்டையும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடையும், ஸ்ட்ரட்டையும், சக்கர பேரிங்கையும் தாக்கும். ஜீப்பின் கனத்த அச்சு எளிதில் வளைவதில்லை. ஆயினும் அச்சையும் ஸ்பிரிங்கையும் ஓரிடத்தில் நிறுத்தும் நடு போல்ட் அறுந்துவிட்டால், அச்சு தன் இடம்விட்டுப் பின்னே நகரும். வலிய வண்டிக்கு ஒன்றும் நேராதென்று எண்ணுவது தவறு.

உடன் செய்யவேண்டிய சோதனை

மோதியவுடன் வேகத்தைக் குறைத்து, போக்குவரத்திற்கு இடையூறில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். தரையில் எண்ணெயோ பிரேக் திரவமோ சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அடிபட்ட சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை மறுபக்கத்து இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். ஒருபுறம் சக்கரம் பின்தள்ளியோ சாய்ந்தோ இருப்பின், அல்லது ஸ்டியரிங் இறுகியோ தளர்ந்தோ இருப்பின், வண்டியை ஓட்டலாகாது. பட்டறைக்கு ஏற்றிச் செல்லவே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இக்குறிகள் இல்லையெனில் கைப்பிரேக்கை இட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்து, அடிபட்ட முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது. சக்கரத்தை மெல்லச் சுழற்றி, ரிம்முக்கு அருகில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால், இடைவெளி கூடிக் குறைவதிலிருந்து வளைவு புலப்படும். அடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பற்றி அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பந்து மூட்டோ பழுதென்று கொள்ளலாம். இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கையில் ஆட்டம் இருந்தால் டை ராட் மூட்டுகளை ஐயுற வேண்டும்.

டயர் மட்டும் பழுதாயின் உபரிச் சக்கரத்தை மாட்டிச் செல்லலாம். சில கார்களில் உபரிச் சக்கரம் அளவிற் சிறியது. அதன்மேல் குறித்துள்ள வேக எல்லையை மீறலாகாது. பின்னர் ஓட்டும்போது, நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்பதும், வண்டி ஒருபுறம் இழுப்பதும் சக்கரத்தின் திசை மாறியதற்கு அறிகுறிகள்.

ஒரு டிகிரியின் விளைவு

சக்கரத்தின் திசை சிறிது மாறினால் என்ன கெடுதி என்று கேட்கலாம். செல்லும் திசையிலிருந்து ஒரு சக்கரம் ஒரு டிகிரி விலகி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அந்த டயர் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்திழுக்கப்படும். புதிய டயரும் இவ்வாறு விரைவில் ஒருபுறம் தேய்ந்துவிடும். ஈரச்சாலையில் பிடிப்பும் குறையும்.

இதனை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். சமமான தரையில், ஸ்டியரிங் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். வண்டியை அப்பால் நகர்த்தியபின், முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழுதற்ற வண்டியில் இரு பக்கங்களும் ஏறத்தாழச் சமமாகவும், இரு மூலைவிட்டங்களும் அவ்வாறே சமமாகவும் இருக்கும். ஒரு பக்கம் குறைந்திருப்பின் அப்பக்கத்துச் சக்கரம் இடம் பெயர்ந்துள்ளது. சிலவகை வண்டிகளில் தயாரிப்பிலேயே சிறு வேறுபாடு உண்டாதலால், முடிவு கூறுமுன் வண்டியின் கையேட்டைப் பார்த்தல் வேண்டும்.

பழுது நீக்கும்போது

வளைந்த கீழ்க் கையையும் டை ராடையும் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் கூடாது. வளைந்து நிமிர்ந்த உலோகம் முன்போல் வலிமையுடையதன்று; வெப்பம் அதன் பதத்தையும் கெடுக்கும். இவை முறிந்தால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை விட்டு நீங்கும். ஆகவே புதியதையே பொருத்த வேண்டும். விரிசல் கண்ட அலாய் ரிம்முக்கும் இதுவே விதி. வளைந்த பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்துகொள்வது பழுதை மறைப்பதேயன்றி நீக்குவதன்று. பாகங்களை மாற்றிய பின்னரே அலைன்மென்ட் செய்ய வேண்டும். சக்கர நட்டுகளைச் சில கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்கிப் பார்த்தல் நலம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஓரிடத்தில் உருக்குலைந்தோ புடைத்தோ காணும் டயர் நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்படமாட்டாது. ஆனால் விதியைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு. அலுவலக வண்டியை ஒருவர் ஓட்டி மோதுகிறார். மறுநாள் அதனை மற்றொருவர் எடுத்துச் செல்கிறார். விளக்கம் கேட்பார்களென்று அஞ்சி முதலாமவர் மோதலைக் கூறாது விட்டால், அறியாத இரண்டாமவரும் உடன் செல்வோரும் பழுதுபட்ட டயரின்மேல் பயணம் செய்கின்றனர். எனவே மோதல் எத்துணைச் சிறியதாயினும் தேதி, இடம், அடிபட்ட சக்கரம், அப்போதிருந்த வேகம் ஆகியவற்றை வண்டியின் பதிவேட்டில் குறிக்க வேண்டும். உண்மையை எழுதிய ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாது, வண்டியைச் சோதனைக்கு அனுப்புவது மேலதிகாரியின் கடமையாகும்.