கொடையாளரின் கல்லீரல் அழற்சிப் பரிசோதனை: சில விளக்கங்கள்

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பலருக்கும் எழும் ஐயம் ஒன்று உண்டு: “கொடையாளருக்கு ஹெபடைட்டிஸ் இருந்தால் அது எனக்கும் வருமா?” இது நியாயமான ஐயமே. கொடையாளர்கள் நம்மிடையே வாழ்ந்தவர்கள். மக்களிடம் உள்ள தொற்று அவர்களிடமும் இருக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும், 55 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றும் இருந்தன. இவ்விரண்டும் பல்லாண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடியவை. ஆகவே, “அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை” என்று உறவினர் கூறுவது மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ‘நாட்’ பரிசோதனை இந்த இடைவெளியைப் பெரிதும் குறைக்கிறது; எனினும் முற்றிலும் நீக்குவதில்லை.

‘பாசிட்டிவ்’ என்னும் முடிவுகள் அனைத்தும் ஒரே பொருளுடையவை அல்ல. சிலரிடம் பி தொற்று முன்பு வந்து சென்றதற்கான எதிர்ப்பொருள் மட்டும் காணப்படும். அவர்களுடைய கல்லீரல் உயிரணுக்களில் வைரஸ் உறங்கிக் கிடக்கலாம். எனவே, கல்லீரலைப் பெறுவோருக்கு ஆபத்து மிகுதி. அவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படும். சிறுநீரகத்தைப் பெறுவோருக்கு ஆபத்து மிகக் குறைவு.

சி தொற்றை 8 முதல் 12 வார மாத்திரைச் சிகிச்சையால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணப்படுத்த இயலும். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், சி தொற்றுடையோரின் சிறுநீரகங்களை அத்தொற்று இல்லாத 10 பேருக்கு அவர்களின் இசைவுடன் பொருத்தினர். சிகிச்சைக்குப் பின் பத்துப் பேரும் தொற்றிலிருந்து விடுபட்டதாக 2017-இல் அறிவித்தனர்.

காத்திருக்கும் காலத்திலேயே நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை உரிய தவணைகளில் போட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் பெறுவோருக்கு அதன் பலன் குறைவாக இருக்கக்கூடும். ஆதலால் மிகுதியான அளவில் ஊசி போட்டு, பின்னர் எதிர்ப்பொருளின் அளவையும் சோதிப்பர்.

உறுப்பு கிடைக்கும்போது முடிவெடுக்கச் சில மணி நேரமே இருக்கும். தொற்றுடைய கொடையாளரின் உறுப்பை ஏற்பதா, அதற்குப் பின் எத்தகைய சிகிச்சை தேவைப்படும், மறுத்தால் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பவற்றை இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். குடும்பத்தினரும் உடனிருந்து கேட்பது நலம்.