பெயர் பிழைத்தால் உயிர் பிழைக்குமா?

சேத்தியாத்தோப்பில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் சர்க்கரை ஆலையும், அருகே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல் நிலையங்களும் இருப்பதால், 'பாய்லர்' என்பது இவ்வட்டாரத்துச் சிறுவருக்கும் பழகிய சொல். ஆயினும் பழகிய சொல்லையே நாம் அஜாக்கிரதையாகப் பிரயோகிக்கிறோம் என்பது என் மனக்குறை.

2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் நேர்ந்த கோர விபத்தில் ஆறு தொழிலாளர்கள் அன்றே மாண்டபோது, 'பாய்லர் வெடித்தது' என்றே ஊரெல்லாம் பேசிற்று. அவ்விபத்தின் காரணத்தை நிர்ணயிப்பது என் நோக்கமன்று. ஆனால் உலைக்குள் எரியாமல் தங்கிய நிலக்கரித் தூள் திடீரெனப் பற்றி வெடிப்பதும், அழுத்தம் தாங்காத குழாய் கிழிந்து நீராவி பீறிடுவதும் வெவ்வேறு அபாயங்கள். முன்னதற்குப் பரிகாரம் உலையில் தங்கியதைக் காற்றைச் செலுத்தி வெளியேற்றுவது, பின்னதற்கோ குழாய்ச் சுவரின் கனத்தை அளந்து தேய்ந்ததை மாற்றுவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவன் ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடக் கூடும்.

'டெஸ்ட்' என்னும் சொல்லும் இத்தகையதே. புதிய பாய்லரை, அதற்கு அனுமதித்த வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதிப்பது மரபு. நீர் அநேகமாகச் சுருங்குவதில்லையாதலால், கலன் விரிசல் கண்டாலும் நீர் கசிந்து அழுத்தம் சட்டென இறங்கிவிடும். காற்றோ சுருண்ட வில்லைப்போல் சக்தியைத் தன்னுள் அடக்கி வைத்திருந்து, கலன் பிளந்த கணத்தில் இரும்புத் துண்டுகளை வீசியெறியும். ஆகவே நீரா காற்றா என்று சொல்லாமல் 'டெஸ்ட் போடு' என்று மட்டும் ஏவுவது குருடனுக்கு வழி சொல்லாமல் நடக்கச் சொல்வதேயாகும்.

1863-இல் கல்கத்தாவில் நேர்ந்த பாய்லர் வெடிப்பே மறு வருஷம் வங்காளத்தில் பரிசோதனைச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. பின்னர் தேசம் முழுமைக்கும் பொதுவாக வந்த 1923-ஆம் வருஷச் சட்டம், எது பாய்லர் என்பதை முதலில் வரையறுத்த பிறகே கட்டளைகளை இட்டது.

அந்தச் சிரத்தை கடைவீதிக்கும் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் கலனை 'டேங்க்' என்றே சொல்லிப் பழகியவர், அதை வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு உறவாக்கிவிடுகிறார். அழுத்தக்கலன் என்று அறிந்தவரோ, காற்றின் ஈரம் அடியில் தேங்கி இரும்பை அரிக்கும் என்றுணர்ந்து, மாலைதோறும் அதன் வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றிவிட்டே கடையைச் சாத்துகிறார்.