சுவரும் சித்திரமும்

போவன்பள்ளியில் குடியிருக்கும் நம் தமிழன்பர்களுக்குப் பட்டாளம் புதிதன்று. 1806-ஆம் ஆண்டில் தோன்றிய செகந்திராபாத் கண்டோன்மெண்டில் பழைய மதராஸ் சேனையின் படைகள் தங்கியிருந்தன. அவற்றையொட்டி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. அருகே திருமலகிரியில் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியற் கல்லூரி இருக்கிறது. சேனையின் வண்டிகளையும் கருவிகளையும் ஆயுதங்களையும் செப்பனிட்டுக் காக்கும் பிரிவினர் அங்கே பயில்கின்றனர். அப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரோடு சில நாட்களுக்கு முன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இக்காலத் துப்பாக்கிகளின் மேல் பொருத்தப்படும் குறிக்கண்ணாடியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "கண்ணாடியின் விலையை எல்லாரும் கேட்கிறார்கள், அது உட்காரும் இடத்தை யாரும் கேட்பதில்லை. சுவர் ஆடினால் சித்திரம் நிற்குமா, ஐயா?" என்றார் அவர்.

அந்தச் சுவருக்குப் பெயர் ரெயில். துப்பாக்கியின் முதுகில் நீளவாக்கில் அமைந்து, குறுக்கே வரிசையாகப் பள்ளங்கள் வெட்டப்பட்ட உலோகச் சட்டம் அது. அமெரிக்காவின் பிக்காட்டினி ஆயுதசாலையின் பெயரைத் தாங்கிய அளவுமுறை 1995-இல் வெளியிடப்பட்டது. ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர். இவ்வளவு திட்டமாக வகுத்ததனால், ஓரிடத்தில் செய்த கண்ணாடி வேறோரிடத்தில் செய்த துப்பாக்கியிலும் பொருந்துகிறது.

ஆயினும் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. அரைத் தானியங்கித் துப்பாக்கியில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். அதற்காக உள்ளிருக்கும் கனத்த இரும்பு ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னே மோதி முன்னே திரும்புகிறது. இந்த இருவகை அதிர்ச்சியையும் தாங்குபவை சிறு திருகாணிகளே. அவற்றில் ஒன்று தளர்ந்து, 150 மில்லிமீட்டர் நீளமுள்ள ரெயிலின் ஒரு முனை ஒரு தாளின் பருமனாகிய 0.1 மில்லிமீட்டர் விலகிற்று என்று கொள்வோம். 100 மீட்டர் தொலைவில் குறி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தவறும். 300 மீட்டரில் 20 சென்டிமீட்டர். பகைவனுக்கும் அவன் பிடித்து நிறுத்திய அப்பாவிக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம் அல்லவா?

எதன்மேல் பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. நம் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் திருச்சி அசால்ட் ரைஃபிள் ஏ.கே. இனத்தைச் சேர்ந்தது. பழைய ஏ.கே. துப்பாக்கியின் மேல்மூடி, துடைப்பதற்காகக் கழற்றி மாட்டும் மெல்லிய தகடு. அதன்மேல் கண்ணாடியை வைத்தால், மூடியைக் கழற்றி மாட்டும்தோறும் குறி மாறக்கூடும். இதனால்தான் அந்நாளில் உடற்கூட்டின் இடப்பக்கத்தில் ரிவெட் அடித்த தட்டொன்றில் கண்ணாடியை மாட்டினர். 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை வேண்டுமென நம் அரசு ஒப்பந்தம் செய்த ஏ.கே. 203 துப்பாக்கியிலோ, மூடியையே கீல் வைத்து அசையாது பூட்டி, அதன்மேல் ரெயில் அமைத்துள்ளனர். குழலைத் தாங்கும் உடலோடு கண்ணாடி ஒன்றிநிற்க வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள தத்துவம்.

வேலை முறையையும் பெரியவர் விளக்கினார். முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். திருகாணியிலும் துளையிலும் எண்ணெய்ப் பிசுக்கு அறவே கூடாது. தளராதிருக்கத் திருகாணிப் பசை ஒரு துளி போதும். கண்ணாடியின் தாங்கியைப் பள்ளத்தில் வைத்ததும், குழல்முனைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே முடுக்க வேண்டும். ஏனெனில், துப்பாக்கி பின்னே உதைக்கையில் தாங்கி முன்னே நழுவப் பார்க்கும். கைப்பலத்தை நம்பாமல், செய்தவர் குறித்த அளவுக்கே டார்க் ரெஞ்சினால் முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் மரை அறுந்துபோகும். பிறகு சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்து, சில சுற்றுகள் கழிந்தபின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இவற்றை வீட்டில் செய்து பார்க்கும்பொருட்டு நாம் எழுதவில்லை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்றவரும் தேர்ந்த தொழிலாளியிடமே ஒப்படைத்தல் நலம். ஆனால் நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் செல்கின்றனர். அவர்கள் உயிரும், அவர்கள் எதிரே நிற்கும் குற்றமற்றவர் உயிரும், பெயர் தெரியாத ஒரு ஃபிட்டரின் கைச்சுத்தத்தில் அடங்கியிருக்கின்றன. ஐ.டி.ஐ. படிப்பு தாழ்ந்தது என்று எண்ணும் பெற்றோர் இதைச் சற்றே சிந்திப்பாராக.

முடுக்கி முடித்ததும் திருகாணித் தலையிலிருந்து ரெயில் வரைக்கும் வெள்ளை வண்ணத்தில் ஒரு மெல்லிய கோடு இழுப்பது பெரியவரின் வழக்கமாம். திருகாணி சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். "காலையில் காவலுக்குப் புறப்படும் சிப்பாய் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பான். கோடு நேராக இருந்தால் அவன் முகம் தெளியும்," என்று கூறி விடைகொடுத்தார்.