ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருக்கிறது

சோமனூர், பல்லடம் பக்கமிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் சிலரின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எனப் பல இடங்களில் எடுத்தவை. “எல்லாம் நார்மல்னு சொல்லிப்போட்டாங்க, வலி மட்டும் போகமாட்டேங்குதுங்க” என்பார்கள். உடன் வந்தவர் முகத்தில் ஓர் ஐயம் தெரியும்: இந்த வலி மெய்தானா?

மெய்தான். விசைத்தறிக் குடும்பங்களுக்கு இதனை விளக்குவது எளிது. தறியில் பல்சக்கரம் உடைந்தால் கண்ணால் காணலாம். எந்தப் பாகமும் உடையாமலே, நாடா ஓடும் நேரமும் பாவு விரியும் நேரமும் பொருந்தாவிடில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். முன்னது குடற்புண், கட்டி போன்ற உறுப்பமைப்பு நோய். பின்னது செயல்பாட்டுக் கோளாறு. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு பிறழும்போது இயல்பான குடலசைவே வலியாக உணரப்படும். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் இவ்வகையே. ஸ்கேன் உருவத்தைக் காட்டும்; இந்த ஒத்திசைவைக் காட்டாது.

வேறெதுவும் அகப்படாததால் சூட்டிய பெயரன்று இது. தனி அடையாளங்கள் உண்டு. கால் செயலிழந்ததாக வரும் சிலரால், படுத்த நிலையில் அக்காலின் குதியைக் கீழே அழுத்த இயலாது. மற்றக் காலைத் தூக்கச் சொன்னால் அதே குதி தானாக அழுத்தும். 1908இல் ஹூவர் என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இது. அவர்கள் நடிக்கவில்லை. விருப்பத்தால் காலை இயக்கும் வழி தடைப்பட்டிருக்கிறது. இயன்முறைப் பயிற்சி அதனைத் திறக்க முயல்கிறது.

ஐ.பி.எஸ். வலிக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் சிலருக்குத் தருகிறோம். ‘இது மனச்சோர்வு மருந்தாமே’ என்று வீட்டார் பாதியில் நிறுத்திவிடுவதுண்டு. எங்களுக்கு இதுவே பெருங்கவலை. இந்த அளவில் அது குடல் நரம்புகளின் வலியுணர்வைத் தணிக்கவே தரப்படுகிறது. 2023இல் லான்செட் இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வில், 463 ஐ.பி.எஸ். நோயாளர்களிடையே, வெற்று மாத்திரையைவிட அது கூடுதல் பயனளித்தது.

ஆயினும் பழைய கோப்பை நம்பி இருந்துவிடலாகாது. செயல்பாட்டுக் கோளாறு உள்ளவருக்கும் பின்னாளில் உறுப்பமைப்பு நோய் வரலாம். எடை குறைவு, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை தோன்றினால் தாமதியாமல் வாருங்கள். கை கால் திடீரென வலுவிழந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டா. உடனே 108ஐ அழையுங்கள்.